நூலண்ணனும் குதிரைக்காலத்து வளைவும்

தீயணைப்பு நிலைய ஓட்டுநருக்கு நூலண்ணன் என்று பேர் வைத்தது யாரோ தெரியாது. வைத்தவனுக்கு நல்ல கண். நிலையத்தின் வாசல் வளைவு, குதிரைகள் வண்டி இழுத்த காலத்தில் கட்டியது. வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். நிற்கிற தோரணையோ மாப்பிள்ளைத் தோரணை. அடியில் இருபக்கமும், சக்கரம் சுவரை உரசாமல் தள்ளிவிட பக்கத்துக்கொரு குண்டுக்கல், வழுக்கை மண்டை போல மின்னும். உள்ளே, ஈரக் குழாய்களைத் தொங்கவிட்டுக் காயவைக்க ஓர் உயரக் கோபுரம். அந்த வேலை அண்ணிக்கு, அதாவது நூலண்ணனின் மனைவிக்கு.

அடுத்த தீ மணி அடித்ததும் நேராகப் பாய வேண்டுமே என்று, வண்டியைப் பின்பக்கமாகத்தான் நுழைப்பார் அண்ணன். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே நூல் போகும், விரல் போகாது. இதே மனிதர் வீட்டு நிலைப்படியில் தினம் சுண்டுவிரலை இடித்துக்கொள்வார்.

புது வண்டி வந்தது, கொஞ்சம் அகலமாக.

"சுவத்துல ஒரு கீறல் விழுந்தாலும் வளைவ இடிச்சுத் தள்ளிடலாம்யா. வீம்பு வேண்டாம்" என்றார் அதிகாரி.

தினம் வேலைக்கு வரும்போது அந்தக் குண்டுக்கல்லைத் தட்டிக்கொடுத்துவிட்டு வருகிறவர் அண்ணன். கண்ணாடிகளைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் வந்தார். கண்ணாடிகள் வளைவைத் தொடும் நேரத்தில் மடக்கினார். தலையணைக்கு உறை போட்ட மாதிரி வண்டி உள்ளே போயிற்று. ஆளாளுக்குக் கைதட்ட, அண்ணன் இறங்கி, எதிர்ப்பக்கக் கண்ணாடியை விரித்து மீசையை முறுக்கிப் பார்த்துக்கொண்டார்.

அந்நேரம் பார்த்து மணி அடித்தது. காகிதக் கிடங்கில் தீ. அண்ணன் தாவி ஏறிக் கிளப்பினார். விரித்த கண்ணாடி விரித்தபடியே வளைவில் மோதித் தெறித்தது. சுவருக்கு ஒன்றுமாகவில்லை.

தீயை அணைத்துவிட்டுக் கரிமுகத்தோடு திரும்பினால், வாசலில் அதிகாரி.

"ஒரு பக்கம் கண்ணே இல்ல. எப்படிய்யா உள்ள விடுவ?"

கையிலிருந்த குழாயைக் கீழே போட்டுவிட்டு, அண்ணி குருட்டுப் பக்கத்துக் குண்டுக்கல்லின் அருகே போய் நின்றார்.

"நான் சொல்றேன், வாங்க."

"நீயா?"

"வீட்லதான் என் பேச்சு காதுல ஏறாது. இங்கயாவது ஏறட்டும்."

ஏறியது.

"வாங்க, வாங்க... ஒடிச்சு வாங்க... போதும்."

அதிகாரி சுவர் நெடுகக் கையால் தடவிப் பார்த்தார். கையில் சுண்ணாம்புதான் ஒட்டியது.

"வளைவு இருக்கட்டும்" என்றார். "மீசை பாக்க மட்டும் வீட்ல ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்க."

அன்று மாலை வீட்டு நிலைப்படியில் வழக்கம்போல் சுண்டுவிரல் இடித்தது.

"ஒடிச்சு வரணும்" என்றார் அண்ணி.