எனக்குள் ஒரு கேட் மீட்டிங்

என் மகள் கேட்ட கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டு பதில்கள்தான் இருந்தன. நான் சில மாதங்களாக மூன்றாவதாக ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் சரிபார்க்கும் வேலையில் இருக்கும் ஒரு பையனை அவள் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். அவளுக்கு வேலை பக்கத்துத் துறைமுகத்தில், கன்டெய்னர்கள் வந்துபோவதைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸில். பையனின் அப்பா முகத்துவாரக்குப்பத்தில் ஃபைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்தக்கடை போட்ட குடும்பம். கடையை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நான் துறைமுகச் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் குப்பை கொட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன்.

பையன் வீட்டு வழக்கப்படி, பெண்ணின் அப்பா தன் வாயால் ‘வாங்க’ என்று சொன்னால்தான் அவர்கள் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வருவார்கள். பெண்ணின் அம்மா சொன்னால் போதாது. பெண் சொன்னால் போதவே போதாது. என் மனைவி எப்போதோ சம்மதித்துவிட்டாள். ஆக, மொத்தக் கல்யாணமும் என்னுடைய ஒரு சொல்லுக்காக நின்றுகொண்டிருந்தது. அந்தச் சொல் மட்டும் வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது.

சாதி ஒழிய வேண்டும் என்று நான் எழுதிய கட்டுரைகளை என் மகள் பள்ளிக்கூட நாட்களில் வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். அந்தக் கட்டுரையாளர், மகள் கேட்டதும், “முதல்ல வஞ்சிரம் என்ன விலைன்னு கேட்டுச் சொல்லு, மாப்பிள்ளை விலையை அப்புறம் பேசலாம்” என்றார். மனைவி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. சில வாரங்களில் மனைவியும் நிறுத்திவிட்டாள். நகைச்சுவை எழுத்தாளனுக்கு இதைவிடத் தெளிவான விமர்சனம் கிடைக்காது.

ஒருநாள் சாப்பிடும்போது மகள் சொன்னாள்: “அப்பா, உங்களுக்குள்ள ஜோக் அடிக்கிறது யாரு, பயப்படுறது யாருன்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க. அப்புறம் உங்ககிட்ட கேக்கிறேன். இப்ப கேட்டா யார் பதில் சொல்றாங்கன்னே தெரியல.”

அவள் ஆபீஸில் யாரோ போய்வந்த மனப்பயிற்சிக் குழு ஒன்றில் என்னைச் சேர்த்தும்விட்டாள். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கும். சுவர்களுக்கு நிரந்தரமாக சாம்பார் வாசனை. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பேர் இருப்போம். நடத்தியவர் தென்சென்னையிலிருந்து மெட்ரோ பிடித்து வரும் இளம் பெண் ஆலோசகர். பொறுமைக்கு மாதச் சம்பளம் வாங்குகிறவர் போன்ற முகம்.

அவர் சொன்ன முறை இது. நமக்குள் இருப்பது ஒரே ஆள் இல்லை, பல பேர். ஒருவர் திட்டுவார், ஒருவர் பயப்படுவார், ஒருவர் சிரித்து மழுப்புவார். யாரும் கெட்டவர் இல்லை. எல்லோரும் எப்போதோ பட்ட அடிக்குக் காவல் நிற்கிறார்கள். இவர்களுக்குப் பின்னால் பதற்றமில்லாத ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் சுயம். தலைமை அவரிடம் வர வேண்டும். அதற்கு முன்னால் மூச்சைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மூச்சைக் கவனித்தால் மனம் தெரிவதில்லை, காற்றின் திசை தெரிகிறது. தெற்கிலிருந்து அடித்தால் மீன். வடக்கிலிருந்து அடித்தால் அனல்மின் நிலையச் சாம்பல். மேற்கே மணலி ஆலைகளிலிருந்து அடித்தால் பெயர் தெரியாத ஒன்று; தொண்டைக்கு மட்டும் அதன் பெயர் தெரியும். முதல் வாரம் ஆலோசகர், “என்ன கவனிச்சீங்க?” என்று கேட்டபோது பாதிப் பேர் “மணலி” என்றார்கள்.

அந்தக் குழுவில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர், எப்போதோ மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் தொழிற்சங்கச் செயலாளர். தொழிற்சாலை போய்விட்டது, செயலாளர் மட்டும் இருந்தார். எல்லோரும் அவருக்குத் தோழர்தான், அந்த ஆலோசகர் உட்பட; அதனால் எங்களுக்கும் அவர் தோழர். ரத்தக்கொதிப்புக்காக டாக்டர் அனுப்பிவைத்திருந்தார். இன்னொருவர் காசிமேட்டில் மீன் ஏலம் விடும் அக்கா. தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது இப்படி: “ஏலத்துல கத்திக் கத்தி வூட்டுலயும் அதே கொரல்தான் வருது. ‘தண்ணி குடு’ன்னு கேட்டா சண்டைக்கு வரேன்னு நெனச்சிகினு மருமவ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறா. இன்னா பண்றது?”

இரண்டாவது வாரமே தோழர் எழுந்து நின்றார்.

“தோழர், ஒரு விளக்கம் தேவை. உள்ளே இருக்கிறவங்க எல்லாம் உழைக்கிறாங்கன்னு சொல்றீங்க. பயப்படுறவன் உழைக்கிறான். கோபப்படுறவன் ஓவர்டைம் பார்க்கிறான். இந்தச் சுயம் மட்டும் பதட்டமில்லாம ஓரமா உக்காந்துகினு இருக்கு. கடைசியில தலைமை அதுக்குத்தான். அப்போ சுயம்ன்றது மேனேஜ்மென்ட். சரிதானே?”

“அப்படி இல்ல சார்...”

“வாழ்நாள் பூரா மேனேஜ்மென்ட்டை எதிர்த்தவன் நான். ரிடையர் ஆனப்புறம் எனக்கே நான் மேனேஜ்மென்ட் ஆகணும்னா மனசு ஒத்துக்கலை. பதிவு பண்ணிக்கோங்க.”

“இவுருக்கு வவுத்துக்குள்ளியே ஸ்ட்ரைக்கு” என்றார் அக்கா.

ஆலோசகர் படித்த பாடங்களில் இந்தச் சந்தேகம் வந்திருக்காது. உலகில் வேறெங்கும் யாரும் இதைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். அவர், “உங்க சங்கத்துல தலைவர் என்ன பண்ணுவார் சார்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அன்றைய வகுப்பு அதோடு முடிந்துவிட்டது, ஏனென்றால் தோழர் பதில் சொன்னார்.

அவர் சொன்னதில் எனக்குத் தங்கியது கேட் மீட்டிங். பேச்சுவார்த்தைக்கு உள்ளே போவதற்கு முன்னால், ஷிப்ட் மாறும் நேரத்தில், தொழிற்சாலை வாசலிலேயே எல்லோரையும் நிறுத்தி ஒரு கூட்டம். அதில் அவர்கள் வைத்திருந்த வழக்கம், ஒப்பந்தம் வேண்டாம் என்கிற ஆளைத்தான் முதலில் பேசவிடுவது. தலைவர் குறுக்கே பேசக் கூடாது. கிண்டல் செய்யக் கூடாது. “அவனைப் பேசவிடலைன்னா அப்புறம் அவன் பேசறதை நிறுத்தவே மாட்டான். தனிச் சங்கம் வச்சிடுவான்” என்றார் தோழர். எல்லோரும் பேசி முடித்த பிறகு தலைவர் உள்ளே போவார். அந்த ‘வேண்டாம்’ என்ற ஆளுக்கும் சேர்த்துத்தான் போவார்.

“அவ்ளோதான் சார். சுயம்னா அதுதான்” என்றார் ஆலோசகர். தோழர் அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டார். அதன்பிறகு எங்கள் குழுவில் யாரும் தியானம் என்று சொன்னதில்லை. “இன்னிக்கு யாருக்குக் கேட் மீட்டிங்?” என்றுதான் கேட்போம்.

என் முறை வந்தது. பயிற்சி எளிது. நமக்குள் இருப்பவர்களாக மற்றவர்கள் எதிரே வந்து உட்காருவார்கள். ஒவ்வொருவருக்கும் நாம் ஒரு வசனம் கொடுக்க வேண்டும். அவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல, நாம் கேட்க வேண்டும். மகளின் கல்யாணம் பற்றி அதுவரை நான் அங்கே மூச்சுவிடவில்லை. ‘ஒரு குடும்ப முடிவு’ என்று பொதுவாகச் சொல்லிவைத்திருந்தேன்.

கண்ணை மூடினேன். முதலில் ஜோக்காளர் வந்தார், கூப்பிடாமலே. அவருக்காகத் தோழரை உட்கார வைத்தோம். பிறகு என் புத்தக அலமாரியிலிருந்து முற்போக்காளர் ஒருவர் வந்தார். நல்ல உச்சரிப்பு, ஆனால் எதிர்ப்பு வந்ததும் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிற ரகம். அவருக்கு ஒரு நாற்காலியை மட்டும் போட்டோம். அவர்களுக்குப் பின்னால், நான் எதிர்பார்க்காத ஒருவர். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ராயபுரத்தில் முதலில் கடை போட்ட எங்கள் பெரியப்பா ஜாடை. அவர்தான் இத்தனை நாளாக உள்ளே உட்கார்ந்துகொண்டு ‘வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர். மற்றவர்கள் எல்லாம் அவர் குரல் வெளியே கேட்காமல் இருக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள்.

“அவருக்கு யாரை உட்கார வைக்கலாம் சார்?” என்றார் ஆலோசகர்.

நான் யோசிப்பதற்குள் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். “நான் குந்திக்கிறேன். சொல்லு அண்ணாச்சி, உங்காளு இன்னா சொல்றாரு?”

அந்த வசனத்தை இந்த உலகத்தில் யாரிடம் கொடுக்கக் கூடாதோ, அவரே எதிரில் வந்து கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் வழக்கம்போல ஒன்றை எடுத்துவிட்டேன். “அவர் கொஞ்சம் வாய்பேசாத டைப் அக்கா, உங்களுக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது...”

“தோழர்!” என்று கையைத் தூக்கினார் செயலாளர். “ஜோக் இப்போ என் இலாகா. நீங்க அதுல தலையிடக் கூடாது.”

நான் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். “மீன்காரன் வீட்டுக்கா பொண்ணு கொடுக்கப்போற? நாளைக்கு நம்ம சாதிச் சங்கத்துல எந்த மூஞ்சியோட போய் உக்காருவ?”

வெளியே நெடுஞ்சாலையில் நின்ற கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஆலோசகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, ஏலக் குரலில் ஆரம்பித்துவிட்டார்.

“ஏலே! மீங்காரன் வூட்டுக்கா பொண்ணு குடுக்கப் போற? சங்கத்துல எந்த மூஞ்சிய வச்சிகினு குந்துவ?” அதோடு நிறுத்தவில்லை. “நாளைக்கு அவங்க வூட்டு சோறு எறங்குமா? அந்த நாத்தத்துல ஒரு நாளு நிப்பாளா? ரெண்டே மாசத்துல பெட்டியத் தூக்கினு வந்துடும், பாத்துக்கோ!”

“அக்கா, அதெல்லாம் நான் சொல்லல” என்றேன்.

“தெரியும். அது உங்காளு இல்ல, எங்காளு. எம்புள்ள கடைக்காரன் வூட்டுப் பொண்ண இட்டாந்தப்போ நான் கேட்டது. ‘கருவாட்டு நாத்தம் தாங்காதுடா, பூடும்’னேன்.”

“போனாங்களா?”

“எங்க போனா? அவ வெக்கிற கருவாட்டுக் கொழம்புக்கு எங்க தெருவே வருது. நான் மட்டும் நல்லாக்கீதுன்னு இன்னும் சொல்லல.” பிறகு ஆலோசகர் பக்கம் திரும்பினார். “ஏம்மா, உள்ளக் கீற அந்த ஆளு போவானா?”

“போக மாட்டார் அக்கா. போகச் சொல்லவும் வேண்டாம்.”

“அதானே பாத்தேன். எங்காளையும் அண்ணாச்சி ஆளையும் ஒரு ரூம்ல போட்டுப் பூட்டுனா தோஸ்து ஆயிடுவானுங்க. ரெண்டு பேரும் ஒரே பாட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதை ஒரு தகவலாக இங்கே பதிவு செய்கிறேன். ஆலோசகர் என்னிடம், அந்தப் பெரியவர் எதற்குப் பயப்படுகிறார் என்று அவரையே கேட்கச் சொன்னார். கேட்டேன். இந்த ஊருக்கு ஒரு பெட்டியோடு வந்து இறங்கியபோது, பேசுகிற தமிழே புரியாத இடத்தில், கடை பிடித்துக் கொடுத்ததும் சாவுக்கு வந்து நின்றதும் சங்கத்து ஆட்கள்தான் என்றார். அந்த வட்டத்தைத் தாண்டினால் யார் வருவார்கள் என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது அவருடைய காலத்துப் பயம். ராயபுரத்தில் பிறந்து, தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றே பாதி ஊரோடு பழகிவிட்ட என் மகளுக்கு அது எந்த விதத்திலும் பொருந்தவில்லை. குறுக்கே பேசாமல் கேட்டேன். அவர் முடித்தார்.

ஒளி எதுவும் தெரியவில்லை. முதுகு வலித்தது. பிளாஸ்டிக் நாற்காலி.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் பையனின் அப்பா நம்பரைக் கேட்டேன். அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். இருவரும் அடுத்து வரப்போகும் ஜோக்குக்காகக் காத்திருந்தார்கள். “எனக்குள்ள ஒருத்தர் வேண்டாம்னு சொல்றார். இனியும் சொல்வார். நான் சரின்னு சொல்றேன்” என்றேன். மகள் உடனே நம்பரை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். என்மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அந்த அளவுக்குத்தான்.

எடுத்ததும் காற்றுச் சத்தம்தான் கேட்டது. கரையில் நிற்கிறார் போல.

“நான் பொண்ணோட அப்பா பேசறேன். வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க.”

“சார், நாங்கன்னா ஊருப் பெரியவங்களும் வருவாங்க சார். அவங்க இல்லாம நாங்க வர்றதில்ல.”

“கூட்டிக்கிட்டு வாங்க.”

“ஒண்ணு கேக்கலாமா சார்? உங்க பக்கத்துல யாரும் வேணாம்னு சொல்லலியே?”

மனைவி வேகமாகத் தலையை ஆட்டினாள், ‘இல்லைன்னு சொல்லுங்க’ என்று.

“சொன்னாங்க” என்றேன். “கேட்டுக்கிட்டேன். கேட்டப்புறம்தான் உங்களைக் கூப்பிடறேன்.”

அவர் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது. “எங்க சைடுலயும் சொன்னாங்க சார். என் அண்ணனே சொல்லிகினுதான் கீறாரு. அவரையும் இட்டாரலாமா?”

“இட்டாங்க” என்றேன், அவர் பேச்சிலேயே.