நொச்சியாறு பிடுங்கிய அகப்பை

நொச்சியாறு அப்படியொன்றும் நீளமில்லை. மலையடியில் காலையில் எருமை குளித்தால், மத்தியானத்துக்குள் அந்தக் கலங்கல் தாமிரபரணியில் வந்து கலந்துவிடும்; சில நாள் எருமையே வந்து சேர்ந்துவிடும். ஆனாலும் வடகரை கிருபைராஜுக்கு ஊரில் ஒரு பேர் இருந்ததென்றால், அது இந்தக் குட்டி ஆறு போட்ட பிச்சை.

பாளையங்கோட்டையில் அவர் குமாஸ்தா உத்தியோகம் பார்த்ததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு அவர் அசனக் குழம்புக்காரர். இரு கரைக்கும் வேதக்கோயில் ஒன்று, சபை ஒன்று. வருஷத்துக்கொரு முறை ஆற்று மணல்மேட்டில் அண்டா ஏற்றிச் சபை முழுக்க உட்கார்ந்து சாப்பிடும்; அதுதான் அசனம். எந்தக் கரைக்காரரால் ஊர்ப் பாலம் சுற்றாமல், கால் நனையாமல் மேட்டுக்குப் போகமுடியுமோ, அந்தக் கரைக்குத்தான் சமையலும் பெரிய அகப்பையும். தண்ணீர் தென்கரையை ஒட்டியே ஓடியதால், அகப்பை கிருபைராஜ் கையை விட்டு இறங்கியதில்லை. அவர் குழம்பு கொதிக்கும்போது காற்று கிழக்கே அடித்தால், ஸ்ரீவைகுண்டத்தில் பெண்கள் வாசனையே போதுமென்று வெறுஞ்சோறு வடிப்பார்கள். அவர் மனைவி கிரேஸ் மட்டும் பாவம், தென்கரையில் பிறந்தவள். அவள் வைத்த குழம்பை வாயில் வைக்காமலே "உப்பு கம்மி" என்பார்.

போன மழையில் ஆறு புரண்டு படுத்தது. தண்ணீர் வடகரைப் பக்கம் வந்துவிட்டது. மணல்மேடு தென்கரையோடு ஒட்டிக்கொண்டது.

அகப்பையை விட மனசு வருமா? அசனத்தன்று காலையில், குலை வெட்டிய வாழைமரங்களைத் தண்ணீரில் வரிசையாகப் போட்டுப் பாலம் கட்டினார் கிருபைராஜ். மேட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த மைத்துனன் ஜெபஸ்டின் பார்த்துவிட்டான்.

"என்ன அத்தான், ஆத்துக்குப் பாய் விரிக்கியளோ?"

"ஏலே, கால் நனையாம வந்தா அகப்பை எனக்குத்தான். அங்கனயே நின்னு பாருலே!"

முதல் மரத்தில் அகப்பையோடு மாப்பிள்ளை மாதிரி நடந்தார். இரண்டாவதில் பைய. மூன்றாவது உருண்டது. அகப்பை பறந்து மேட்டில் விழுந்தது; அவர் தாமிரபரணிக்குப் புறப்பட்டார். ஜெபஸ்டின் குதித்து இழுத்துப் போட்டான்.

"கால் மட்டுமா அத்தான் நனைஞ்சிருக்கு?"

மேடே சிரித்தது. ஆனால் அகப்பையை எடுத்த ஜெபஸ்டினுக்கு, அண்டாவின் அகலத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. தென்கரையில் யாரும் சபைக்குச் சமைத்ததில்லையே!

ஊர்ப் பாலம் சுற்றி வந்த கிரேஸ் முந்தானையைச் செருகினாள். "நான் தென்கரையில பொறந்தவதானே? கொண்டாலே அகப்பைய!" பிறகு புருஷனிடம், "நீங்க இங்கன உக்காந்து விறகத் தள்ளுங்க. துணியும் காஞ்சிரும்."

குழம்பு கொதித்தது. கிருபைராஜ் பழக்கதோஷத்தில் மூக்கை உறிஞ்சினார். "உப்பு..."

கிரேஸின் அகப்பை உயர்ந்தது.

"...சரியாத்தான் இருக்கு."

பந்தியில் மூன்று முறை குழம்பு கேட்டு வாங்கினார். மனசு மட்டும் ஆறவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனையில் மழைக்கு ஜெபிக்கச் சொன்னபோது எழுந்து நின்றார். "ஆண்டவரே, மழை தாரும். வடக்கேயிருந்து கொஞ்சம் அழுத்தித் தாரும்."

சபை முழுக்க ஆமென் சொன்னது. கிரேஸ் சொல்லவில்லை.