எலுமிச்சம்பழமும் என் பழைய காரும்

எங்கள் காம்பவுண்டில் ஆயுத பூஜையன்று எலுமிச்சம்பழம் நசுக்காத வண்டிக்கு மரியாதை கிடையாது. ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம், ஒரே கேட்டுக்குள் வரிசையாக வாடகை வீடுகள். எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் ஷிஃப்டுக்குப் போகிறவர். பூஜையன்று காலையில் பைக், ஸ்கூட்டி, பிள்ளைகளின் சைக்கிள் வரை கழுவிப் பொட்டு வைத்து நிறுத்துவோம். சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டியதும் ஒவ்வொரு வண்டியாக ஸ்டார்ட் செய்து, பழத்தை நசுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்ட வேண்டும். போன வருடம் என் காரை ஆட்கள் தள்ளித்தான் நசுக்கினார்கள். சிரிக்காதவர்கள் யாரும் இல்லை, பழத்தைத் தவிர.

ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அவருக்கு வீட்டில் தெலுங்கு, மார்க்கெட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும்.

"இந்த வருசம் தானா ஓடி நசுக்கினா இங்கியே நிக்கட்டும்மா. இல்லேன்னா எடைக்குப் போட்டுடு. மேல் வீட்டுப் பசங்க பைக் வெக்க எடமில்லாம ரோட்டுல வெக்கிறாங்க" என்றார்.

நியாயமான பேச்சுதான். என் கணவர் அதைவிட ஒரு படி மேலே போய், பூஜைக்கு மறுநாள் வந்து பார்க்கும்படி பழைய இரும்பு எடுப்பவரிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

அந்தக் கார் எங்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. ஊரைவிட்டுப் போன ஒருவரிடம் ஆசைப்பட்டு வாங்கினேன். பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் வைத்த காலத்து வண்டி. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், "இதுல கம்ப்யூட்டர் மாட்ட எடமே இல்லீங்களே மேடம்" என்று கையை விரிக்கிறார்கள். ஆகவே நானே பானட்டைத் திறந்தேன். யானை வாங்கியாயிற்று, அங்குசம் வாங்க யோசிக்கலாமா? ஸ்பேனர் செட் வந்தது, பெங்களூரின் பழைய சாமான் தெருவிலிருந்து ஒரு கார்புரேட்டர் கிட் வந்தது, என் நகக்கண்ணில் கறுப்பும் வந்தது.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால் எனக்கு ஒரு காரணம் உண்டு. கம்பெனியில் நான் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு இரும்புத் துண்டில் உள்ள துளைக்குள் அளவுக் கம்பியை விடுவேன். நுழைந்தால் பச்சைத் தட்டு, நுழையாவிட்டால் சிவப்புத் தட்டு. அந்தத் துண்டு எந்த வண்டிக்குள் போகிறது, அந்த வண்டி எந்த ஊரில் ஓடுகிறது, எதையும் நான் பார்த்ததில்லை. என் கை பட்டது முழுதாக ஓடுவதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. வெறி என்றுதான் சொல்ல வேண்டும், ஆசை என்ற சொல் போதாது.

இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் காருக்குத்தான். நின்ற இடத்திலேயே நின்றதில் பெட்ரோல் காய்ந்து பிசினாகி, கார்புரேட்டருக்குள் ஊசித் துளைகளை அடைத்திருந்தது. கழற்றி, கழுவி, காற்றடித்து மாட்டினேன். ஸ்டார்ட் ஆகி, இருமி, நின்றது. மறுபடி கழற்றினேன். கணவர் டீ டம்ளரோடு வாசலில் நின்று, "பாத்துக்கினே இரு, கடைசியில ரெண்டு போல்ட்டு மிச்சமாவும்" என்பார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே எனக்கும் ஒரு போல்ட் மிச்சமாகியிருக்கும். எரிச்சலில் டீயை வாங்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் தீப்பொறி கொடுக்கும் இடத்தில் இடைவெளியைச் சரியாக வைத்தேன். அளவு பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, அது கைவிடவில்லை. சாவியைத் திருப்பினேன். என்ஜின் பிடித்தது. இருமவில்லை, நிற்கவில்லை. கேட்டுக்கு வெளியே எடுத்து, பால் பூத் வரை போய்த் திரும்பி வந்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கணவர் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை நான் சுண்டலும் பொங்கலுமாக அடுப்படியில் இருந்தேன். வெளியே வந்தபோது கார் பளபளத்தது. முன்னால் மாலை, கண்ணாடியில் திருநீற்றுப் பட்டை. என் கணவர்தான் கழுவியிருக்கிறார். இத்தனை நாள் அந்தக் காரைத் துணியால்கூடத் தொடாதவர்.

பைக்குகள் ஒவ்வொன்றாகப் பழத்தை நசுக்கிக்கொண்டு போயின. என் முறை வந்தது. சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடியும் அப்படியே. பெட்ரோல் வாசனை மட்டும் வந்தது.

"ஆய்த்தா?" என்று கன்னடத்தில் கேட்டார் ஓனர் அம்மா. ஆகவில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

"தள்ளிடலாங்க்கா" என்று மேல் வீட்டுப் பையன்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க" என்று கத்திவிட்டேன். இறங்கிப் பானட்டைத் திறந்தேன். உள்ளே மழை பெய்து ஓய்ந்த மாதிரி இருந்தது. ரப்பர் குழாய், வயர் எல்லாவற்றிலும் தண்ணீர் சொட்டியது. தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி மேல் அழகாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

எனக்குக் கோபம் வந்தால் பிறந்த ஊரான சிவகங்கைப் பேச்சு வந்துவிடும். "என்னங்க இப்பிடிப் பண்ணிட்டீக! இஞ்சினுக்குள்ள யாராச்சும் தண்ணி அடிப்பாகளா?"

அவர் விழித்தார். "எங்க யூனிட்ல அப்படித்தானே கழுவுவோம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கிரானைட் அறுக்கும் யூனிட்டில் வேலை செய்கிறவர். அங்கே ரம்பம் ஓடுவதே தண்ணீரில்தான். பூஜை என்றால் குழாயைப் பிடித்து, கல்மாவு போகும்வரை மெஷினை மேலிருந்து கீழ்வரை அடித்துவிடுவார்கள். அவருக்குத் தெரிந்த பெரிய மரியாதை அதுதான். அதையே என் என்ஜினுக்கும் செய்திருக்கிறார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதை.

"வேணாம்னு சொன்ன வண்டியை எதுக்குக் கழுவுனீங்க?" என்றேன்.

"நேத்து நீ ஓட்டிக்கினு வந்தப்ப உன் மூஞ்சியப் பாத்தேன்" என்றார். "இது போவக் கூடாதுன்னு தோணுச்சு. நல்லா இருக்கட்டும்னுதான் உள்ளயும் கழுவுனேன்."

வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் கிளிப்புகளைத் தள்ளித் திறந்தேன். உள்ளே முத்து முத்தாக ஈரம், பொறி எப்படிப் பறக்கும்? துடைக்கத் துணி கேட்பதற்குள் அவர் தோளில் கிடந்த புதுத் துண்டை நீட்டினார். வெள்ளைத் துண்டில் கறுப்புக் கறை ஏறியது. அது போதவில்லை, மூலைகளில் ஈரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இரும்மா" என்று உள்ளே போன ஓனர் அம்மா, தன் மகளின் முடி உலர்த்தும் மெஷினையும் நீண்ட ஒயரையும் கொண்டு வந்தார். ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து அவரே சொருகினார். "சீக்கிரம் ஆவட்டும், கற்பூரம் காத்துக்கினு இருக்குது" என்றார். வண்டியை வெளியேற்றச் சொன்னவர் என் பக்கத்தில் குனிந்து சூடான காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணவர் ஒவ்வொரு வயராகத் துடைத்தார். மூடிக்கு வெளியே இருந்த பொட்டை மட்டும் நான் அழிக்கவில்லை.

மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். கும்பிடத் தோன்றவில்லை, பயமாக இருந்தது. சாவியைத் திருப்பினேன். இரண்டு சுற்று வீணாயிற்று. அடுத்ததில் என்ஜின் பிடித்தது.

கற்பூரம் காட்டினார்கள். கிளட்ச்சை மெதுவாக விட்டேன். சக்கரத்துக்குக் கீழே பழம் நசுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது, சத்தியமாகக் கேட்டது. யாரும் தள்ளவில்லை.

"எண்ணெய் மட்டும் தரையில சொட்டக் கூடாது" என்று பின்னாலிருந்து ஓனர் அம்மாவின் குரல் வந்தது. இடம் கிடைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். பையன்களின் பைக்குக்கும் ஒதுங்கட்டும் என்று அன்று முதல் நான் சுவரை ஒட்டி நிறுத்துகிறேன்.

கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் காத்திருந்தேன். கணவர் சாலையோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "வேணாம்ண்ணா, நாளைக்கு வராதீங்க. வண்டி ஓடுது. எங்க வீட்ல ரெடி பண்ணிட்டாங்க." பிறகு பொரிப் பொட்டலத்தோடு முன் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். எங்கே போகலாம் என்று கேட்டேன். தளிப் பக்கம் போகலாம், அங்கே வெயில் தெரியாது என்றார்.

ஊரைத் தாண்டும்போது என்ஜின் நன்றாகச் சூடேறி, உள்ளே சந்தன வாசனை வந்தது. அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் குற்றவாளி மாதிரி என்னைப் பார்த்தார்.

"அடுத்த வருசமும் பொட்டு நீங்களே வைங்க" என்றேன். "தண்ணிக் குழாயை மட்டும் எங்கிட்ட குடுத்துருங்க."