முத்துராணியின் பல் புள்ளிகள்

மலையிலிருந்து இறங்கி வந்தவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது வெயில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முத்துராணி வீட்டைப் பொறுத்தவரை அது தண்ணீர். மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டுக் குழாயைத் திறந்தால் ஓடைத் தண்ணீர் வரும். குளிர்ச்சியாக இருக்கும், ருசி என்று தனியாக ஒன்றும் இருக்காது. எஸ்டேட் வேலை போன பிறகு, பாளையங்கோட்டைக்கு வெளியே வாடகைக்குப் பிடித்த வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். சோறு வடித்தால் சோறு உப்பு, தேயிலை போட்டால் அதுவும் உப்பு.

"கடல்ல கெடக்க மீனுதான் இதக் குடிக்கும்" என்பார் அவள் அம்மா சுடலைவடிவு. கொழுந்து பறித்தே வயதான கை, இங்கே பீடி சுற்றப் பழகிக்கொண்டிருந்தது. அப்பா, முத்துராணி பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார்.

முத்துராணி ஜங்ஷனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். நின்றாள் என்பதைத்தான் சொல்ல வேண்டும். காலையிலிருந்து கடை அடைக்கும் வரை உட்கார இடம் கிடையாது. வேலைக்குப் போகும் முன் பாளையங்கோட்டை மைதானத்தில் ஓடுவாள். ராணுவத்தில் பெண்களை எடுக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு அந்த ஒரே நினைப்பு. நாலு வருஷ வேலைதான் என்று கடைப் பெண்கள் கேலி செய்தபோது, "நாலு வருஷம் ஒரே எடத்துல சம்பளம் வாங்குனவ இந்தக் கடையில யாராவது இருக்கியளா?" என்று திருப்பிக் கேட்டாள்.

மைதானத்தில் அவளுக்குக் கிடைத்த தோழி அஞ்சலின். உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரி, அப்பா மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தாள். அவளும் அதே ஆள்சேர்ப்புக்குத்தான் ஓடினாள். கடைசிச் சுற்றில் முத்துராணிக்கு வாய் உலர்ந்து கால் பின்னுவதைப் பார்த்துவிட்டு, ஓட்டக்காரர்கள் கலக்கிக் குடிக்கும் ஆரஞ்சுப் பொடியை அவள்தான் முதலில் கொடுத்தாள்.

"இத முழுங்காத ஏட்டி. வாயில வச்சு நல்லா அலசிட்டு ஓடு. வயிறு கனக்காது, கால் பறக்கும்."

பறக்கத்தான் செய்தது. அஞ்சலின் சொன்னதில் பொய் இல்லை. இனிப்பு நாக்கில் பட்டாலே உணவு வருகிறது என்று மூளைக்குத் தகவல் போய்விடும். தசை இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் உலகம் முழுக்கச் செய்கிற காரியம் அது.

ஆனால் முத்துராணி அதோடு நிற்கவில்லை. அந்தப் பொடியைப் போட்டால் வீட்டுத் தண்ணீரின் உப்பு தெரியவில்லை. அவளுக்கு அதுதான் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. காலையில் ஒரு பாட்டில் கலக்கி மைதானத்துக்கு எடுத்துப் போனாள். மத்தியானத்துக்கு ஒன்று கடைக்குப் போனது, ராத்திரி பாய்க்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. கடையில் சேலை விரிக்கும் மேசைக்கு அடியில் பாட்டில் இருக்கும். ஒரு வாடிக்கையாளர் போனால் ஒரு வாய், அடுத்தவர் வந்தால் அதை வாயிலேயே வைத்துக்கொண்டு தலையாட்டல். வெறும் தண்ணீர் என்று அவள் எதையும் குடிக்கவில்லை.

சில மாதங்களில் பல் கூச ஆரம்பித்தது. பல்லின் ஓரங்களில் மஞ்சளாக ஒரு படிவும் தெரிந்தது. எஸ்டேட்டில் பல் சரியில்லை என்றால் கரித்தூளும் உப்பும் சேர்த்து விரலால் தேய்ப்பது வழக்கம். முத்துராணியும் ஓடிவிட்டு வந்த சூட்டோடு, வாயில் அந்த இனிப்புப் புளிப்பு இருக்கும்போதே, அழுத்தித் தேய்த்தாள். கூச்சம் அதிகமானது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"ஏளா, அது பல்லா, இல்ல அடிப்பிடிச்ச சட்டியா?" என்று சுடலைவடிவு கேட்டார். "இந்தத் தேய்ப்புக்கு நாலு சட்டி கழுவியிருக்கலாம்."

ஒருநாள் கடைவாயில் வலி தாடையைப் பிளந்தது. முகம் வீங்கி, கடையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவளை மேலாளர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அம்மாவும் மகளும் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு வந்தார்கள்.

அந்த மருத்துவமனையின் ஆய்வகத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நுண்ணுயிரியல் படித்துப் பட்டம் வாங்கியவன் எங்கள் ஊரில் இன்றைக்கும் நான் ஒருவன்தான். பல் டாக்டர் ராஜராஜேஸ்வரிக்கு ஒரு பழக்கம் உண்டு. சொல்லிக் கேட்காத ஆள் என்று தோன்றினால், பல்லிடுக்கில் சுரண்டியதை ஒரு கண்ணாடித் தகட்டில் தடவி, ஆளையும் சேர்த்து என்னிடம் அனுப்பிவிடுவார். அவரவர் வாயை அவரவருக்கே நான் காட்ட வேண்டும்.

முத்துராணியை ஏன் அனுப்பினார் என்பதை அம்மாவே சொன்னார். டாக்டர், "தண்ணி நெறைய குடிக்கியாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "நாள் பூரா குடிக்கேன் டாக்டர்" என்று சொல்லி, பையிலிருந்து பாட்டிலை எடுத்து ஆதாரமாகக் காட்டியிருக்கிறாள். டாக்டர் பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தகட்டை எடுத்தார்.

சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தேன். முத்துராணி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். ஊதா நிறத்தில் மணி கோத்தது மாதிரிச் சரம் சரமாக உருண்டைகள்.

"இதெல்லாம் எனக்குள்ளயா அண்ணே?"

"எல்லாருக்குள்ளயும் உண்டு. எனக்கும் உண்டு."

"அப்பம் உங்க பல்லு மட்டும் ஏன் நல்லாருக்கு?"

"நீ அதுக்கு நாள் பூரா பந்தி வைக்க. நான் வைக்கல. அவ்வளவுதான்."

சுடலைவடிவும் குனிந்து பார்த்தார். "தேயிலை விதை மாதிரில்லா இருக்கு" என்றார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். வாயில் வாழும் நுண்ணுயிர்களில் சர்க்கரை தின்று அமிலம் கக்கும் வகை ஒன்று உண்டு. ஒரு வாய் இனிப்புக்கு அது சில நிமிஷங்களில் அமிலம் சுரந்துவிடும். பல்லின் மேற்பூச்சு இளகும். எச்சில் ஊறி அதைச் சரிசெய்ய அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதற்குள் அடுத்த வாய் வந்துவிட்டால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து. முத்துராணியின் எச்சிலுக்கு அந்த அவகாசம் கிடைக்கவே இல்லை. ஓடும்போது வாய் உலர்ந்து எச்சிலும் குறைந்தது. புளிப்பைத் தாங்காத நல்ல உயிர்கள் மெல்ல ஒழிந்து, தாங்குகிற வகை மட்டும் பெருகியது. பானத்திலேயே இருக்கும் புளிப்பு வேறு தன் பங்குக்குப் பல்லை இளக்கியது. இளகிய பூச்சைத்தான் அவள் கரியும் உப்பும் வைத்து ராவி எடுத்திருக்கிறாள்.

"அஞ்சலினும் இதத்தான குடிக்கா? அவ பல்லு சோழி மாதிரி இருக்கே" என்றாள்.

விசாரித்ததில், அஞ்சலின் ஓடும்போது மட்டும் அலசினாள். மற்ற நேரம் தண்ணீர் குடித்தாள். வேறுபாடு அவ்வளவுதான். இதைச் சொன்னபோது முத்துராணி நம்பவில்லை. அவளுக்கு அது அநியாயமாகப் பட்டது.

அவள் அழுதது அதற்கல்ல, பல் பிரிவுக்குத் திரும்பியதும் டாக்டர் புள்ளிக் கணக்கைச் சொன்னபோது. ராணுவ மருத்துவச் சோதனையில் பல்லுக்கும் புள்ளி உண்டு. மேலும் கீழும் சேர்ந்து கடிக்கும் ஜோடிக்குத்தான் புள்ளி, ஒன்று போனால் இரண்டும் கணக்கில் இல்லை. பெரிய கடைவாய் ஜோடிக்கு இரண்டு, மற்றவற்றுக்கு ஒன்று. ஞானப்பல் முளைக்காத முத்துராணிக்கு எல்லாப் பல்லும் நன்றாக இருந்தாலே பதினெட்டுதான் வரும். பதினான்குக்குக் குறைந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடைவாய் ஜோடி அவளுக்கு நாலு, அந்த நாலிலும் ஒவ்வொரு பல் சொத்தை.

"ரெண்டைக் காப்பாத்த வழியில்லம்மா, பிடுங்கித்தான் ஆகணும்" என்றார் டாக்டர். "ஒண்ணை அடைச்சுரலாம். இடது பக்கம் கீழ இருக்கு பாரு, அதுக்கு வேர் சிகிச்சை பண்ணிப் பாக்கேன். அது நின்னா உனக்குப் பதினாலு. போச்சுன்னா பன்னெண்டு."

"நிக்குமா டாக்டர்?"

"பாட்டில் போனா நிக்கலாம். பாட்டில் இருந்தா நான் மெனக்கெடுததுல அர்த்தம் இல்ல."

"அது இல்லாட்டா ஓட்டம் போயிரும் டாக்டர்."

"நீ ஓடுதது எவ்வளவு தூரம்? அந்தத் தூரத்துக்கு ராத்திரி தின்ன சோறே காணும். ஊரைச் சுத்தி நாள் பூரா ஓடுதவனுக்குத்தான் இதெல்லாம் வேணும்."

அம்மா குறுக்கே புகுந்தார். "எங்க வீட்டுத் தண்ணிய நீங்க ஒரு தம்ளர் குடிச்சுப் பாருங்கம்மா. பெறவு பேசுவோம்."

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனாலும் விஷயம் அங்கேதான் நின்றது. வீட்டில் தண்ணீரைச் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துப் பார்த்தார்கள். சீரகம் போட்ட உப்புத் தண்ணீராகத்தான் இருந்தது. இரண்டு நாள் முத்துராணி பொடியையும் விட்டு, சரியாகத் தண்ணீரே குடிக்காமல் ஓடினாள். இரண்டாம் நாள் பாதிச் சுற்றில் உட்கார்ந்துவிட்டாள். அஞ்சலின் வந்து விசாரித்தாள்.

"எங்க விடுதிக் குழாய்ல ஆத்துத் தண்ணிதான ஏட்டி வருது? தாமிரபரணித் தண்ணி. காலைல ரெண்டு பாட்டில் பிடிச்சுட்டு வாரேன்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"நீ எங்க கேட்ட? பொடிய மட்டும்தான கேட்ட."

அதன் பிறகு அஞ்சலின் தினமும் தண்ணீர் கொண்டுவந்தாள். சிகிச்சை இருக்கும் நாட்களில் முத்துராணி மைதானத்துக்குப் போவதில்லை. விடியற்காலையிலேயே பல் பிரிவு வரிசைக்கு வந்து நிற்பாள். பல் பிடுங்கிய நாட்களில் கடைக்கும் போகவில்லை. கரித்தூள் டப்பாவை அம்மா தூக்கிப் போட்டுவிட்டார். ஓட்டம் முதலில் மந்தப்பட்டது. வாயில் எதுவும் இல்லாமல் கடைசிச் சுற்றைக் கடப்பது பழகச் சில வாரங்கள் ஆயின. பழையபடி வந்தது என்று சொல்ல முடியாது. தேர்ச்சிக்குப் போதுமான அளவு வந்தது.

ஆள்சேர்ப்பு வெளியூரில் நடந்தது. ஓட்டத்தில் இருவரும் தேறினார்கள். அஞ்சலின் முன்னால் வந்தாள், முத்துராணி நடுவில். மறுநாள் மருத்துவச் சோதனை. உயரம், எடை, கண், காது எல்லாம் முடிந்து பல்லுக்கு வந்தது. பெண் அதிகாரி ஒருவர், தமிழ் தெரியாதவர், கம்பி போன்ற கருவியை வைத்து ஒவ்வொரு பல்லாகத் தொட்டு ஆங்கிலத்தில் எண்ணிக்கொண்டே போனார். பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார்.

இடது கீழ்க் கடைவாய்க்கு வந்ததும் எண்ணிக்கை நின்றது. அதிகாரி கருவியின் பின்புறத்தால் அந்தப் பல்லைத் தட்டினார். இன்னொரு முறை தட்டினார். வலிக்கிறதா என்று சைகையில் கேட்டார். முத்துராணி இல்லை என்று தலையசைத்தாள். உண்மையிலேயே வலிக்கவில்லை. பஞ்சு உருளை ஒன்றை வைத்துக் கடிக்கச் சொன்னார். கடித்தாள். எடுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் எண்ணைச் சொன்னார். பதினான்கு. இந்த ஒரு ஆங்கில எண்ணை முத்துராணி பல நாளாக மனதில் வைத்திருந்ததால் தடுமாறாமல் புரிந்தது. அதிகாரி அதற்குள் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டிருந்தார்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"என்னட்டி, ஓடுனத நல்லாருக்குன்னு சொன்னாகளா?"

"ஓடுனத இன்னைக்கு ஒருத்தரும் கேக்கலம்மா. பல்லத்தான் தட்டித் தட்டி எண்ணுனாக."

"மாட்டுச் சந்தையிலதான் அப்படிப் பாப்பாக. சரி, தரகர் என்ன சொன்னாரு?"

"பதினாலும்மா."

மறுமுனையில் பீடித் தட்டைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. "அந்த டாக்டரம்மாவுக்கு நாளைக்கே போய் நானே சொல்லிட்டு வாரேன்" என்றார் சுடலைவடிவு. சொன்னபடி மறுநாள் காலை வந்து, வெளிநோயாளி வரிசையில் முறைப்படி நின்று, தன் முறை வந்ததும் சொல்லிவிட்டுப் போனார்.