கம்மட்டப்பம் என்றால் என்ன?

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்கு அப்போதுதான் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. வீடு பசுமலையில், பள்ளிக்கூடம் திருவாதவூர் பக்கம். பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் கட்டிய சேலை கசங்கிவிடும். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில், இரண்டுக்கும் நான்தான்.

இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி கணீரென்று வாசிப்பாள். ஒருநாள் அவள் வாசிக்கும்போது பின்னால் போய் நின்று பார்த்தேன். அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதி கிழிந்து போயிருந்தது. அவளோ விரலை ஓட்டிக்கொண்டே வந்து, விரல் கிழிசலைத் தாண்டி மடிக்குப் போன பிறகும் நிற்காமல் கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தாள். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பகீரென்றது. மற்ற பிள்ளைகளிடம் பாடத்தின் நடுவில் ஒரு வார்த்தையைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன். முதல் வரியிலிருந்து பாட்டாகச் சொல்லிக்கொண்டு வந்தால்தான் அவர்களால் அதைப் பிடிக்க முடிந்தது. அத்தனையும் மனப்பாடம்.

எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு எழுத்தாகச் சத்தத்தைப் பழக்கினால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை வந்தது. எல்லோரும் சேர்ந்து கத்துவதை நிறுத்தினேன். எழுதச் சுலபமான ட, ப, ம, க இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் சத்தத்தையும் சொல்லவைத்தேன். புள்ளி வைத்தால் சத்தம் எப்படிக் குறுகுகிறது என்று காட்டினேன். அப்புறம் சேர்த்தோம்: படம், பட்டம், மடம், பக்கம். வகுப்பு அமைதியாகிவிட்டது. பிள்ளைகள் உதட்டை அசைத்து அசைத்து யோசித்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

அந்த அமைதிதான் வினையாகப் போனது. வயலில் நிற்கிறவர்கள் காதில் விழும்படி பிள்ளைகள் கத்தினால்தான் பள்ளிக்கூடம் நடக்கிறது என்று அந்த ஊரில் கணக்கு. சிறுமியின் அப்பா ஒருநாள் நேரே வகுப்புக்கு வந்துவிட்டார். கூலிக்கு வயல் வேலை செய்கிறவர், எழுதப் படிக்கத் தெரியாது.

“டீச்சரம்மா, முன்னெல்லாம் எம்புட்டுச் சத்தம் கேக்கும். இப்ப ஒண்ணையும் காணோம். இங்க சும்மா உக்காந்திருக்கதுக்கு ஆட்டையாவது மேய்க்கட்டும். நாளையிலருந்து அனுப்ப மாட்டேன்.”

“இப்பத்தாண்ணே நெசமா வாசிக்கப் பழகுறா” என்று சொல்லி, புத்தகத்தைக் கொடுத்து அவளை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். “இதத்தான் போன வருசமும் வாசிச்சா” என்றார் அவர்.

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தவர், மகளை வெளியே போய் நிற்கச் சொன்னார். நான் பழக்கியது எந்தெந்தச் சத்தம் என்று கேட்டார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார், என் பிள்ளைகள் செய்வது போலவே.

“கம்மட்டப்பம்னு எழுதுங்க.”

“அப்படின்னா என்னண்ணே?”

“ஒண்ணுமில்ல. எந்தப் பொஸ்தகத்துலயும் இருக்காதுல்ல, அதுக்குத்தான்.”

கரும்பலகையில் எழுதினேன். சிறுமி உள்ளே வந்து பார்த்தாள். ‘க’ என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள். பாட்டாகச் சொல்லிப் பிடிக்க அங்கே முதல் வரி இல்லை. நான் எடுத்துக்கொடுத்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் ஒவ்வொரு எழுத்தாக உற்றுப் பார்த்தாள்.

“கம்... மட்... டப்... பம்.” இன்னொரு தரம் சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, “டீச்சர், தப்பா எழுதிட்டீங்க. இப்படி ஒண்ணு கிடையாது” என்றாள்.

அவள் அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இன்னொண்ணு எழுதுங்க டீச்சரம்மா” என்று சொல்லிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். மணி அடிக்கும் வரை அவர் புதுசு புதுசாகச் சொல்ல, நான் எழுத, அவள் வாசித்தாள். போகும்போது அவர் ஆட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு டீச்சர் எழுதுவது எல்லாமே சரிதான். தானாக வாசிக்கிற பிள்ளைதான் நிமிர்ந்து பார்த்துத் தப்பு என்று சொல்லும். என்னிடம் அப்படிச் சொன்ன முதல் பிள்ளை அவள்தான், அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இன்றுவரை யாரும் தந்ததில்லை.