பென்சில் குறி போட்ட இடம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மலாக்கா காஜா பெராங்கில் என் வீட்டு வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மலாக்கா செட்டிக்காரர் வேலியோரம் வந்து நின்று, தணிந்த குரலில், "சிக்கு பெரியண்ணன் சுடா தா அடா" என்றார். பெரியண்ணன் வாத்தியார் போய்விட்டார் என்று அர்த்தம். நெஞ்சுவலியாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அவரோடு ஒன்பது வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். எனக்கு வராத செய்தி, தமிழே பேசத் தெரியாத இந்த மனிதருக்கு முதலில் போயிருக்கிறதே என்ற எரிச்சல்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் இனி இல்லை என்பது உறைத்தது. பம்பைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆசிரியர் சங்கத்தார் என்னைத்தான் இந்த அஞ்சலியை எழுதச் சொன்னார்கள். அவரை நன்றாக அறிந்தவர் நீங்கள் என்றார்கள். நன்றாகத்தான் அறிவேன். பொறாமைப்படுகிறவனைவிட ஒரு மனிதரை உன்னிப்பாகக் கவனிக்கிறவன் யார் இருக்கிறான்?

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் அவர் எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்தார். பெயர்தான் பெரியண்ணன், வயதில் என்னைவிட இரண்டு வருடம் சின்னவர். எனக்கு ஆறாம் வகுப்பு, அவருக்கு ஐந்தாம் வகுப்பு. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். அதுவரை அந்தப் பள்ளியில் என் கொடிதான் பறந்தது. பொங்கல் விழாவில் என் பிள்ளைகள் செய்யுள் ஒப்பித்தால் பெற்றோர்கள் கண் துடைப்பார்கள். இலக்கணத்தில் என்னை மிஞ்ச மலாக்காவில் ஆள் இல்லை என்று தலைமையாசிரியரே மேடையில் சொல்லியிருக்கிறார்.

பெரியண்ணன் அவர்கள் வந்த இரண்டாம் மாதம், தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றில் சதுரமாக ஓட்டை போட்டு, அதை மேசைமேல் நிற்க வைத்தார். அதுதான் ஆபீஸ் கவுண்டர். வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மூக்கின் நுனிக்குக் கண்ணாடியை இறக்கி, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியாகிவிடுவார். அதுவும் சிடுமூஞ்சிக் கிராணி. பிள்ளைகள் வரிசையில் வந்து தங்கள் பெயர், அப்பா பெயர், வந்த காரியம் மூன்றையும் மலாயில் சொல்ல வேண்டும். தரையைப் பார்த்துப் பேசினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ரசீது கேட்க மறந்தாலும் அப்படியே. விண்ணப்பப் பாரம் நிரப்புவது, வேலைக்கு மனுப் போடுவது, நேர்முகத்துக்குப் போனால் கதவைத் தட்டி எப்படி உட்காருவது, பஸ் நேரப் பலகை பார்ப்பது, சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவது எல்லாம் அந்த ஒரு வகுப்பில் நடந்தன. கடிதம் எழுதினால் இடது பக்கம் இரண்டு விரல் இடம் விடச் சொல்வார். ஆபீசில் ஓட்டை போட்டுக் கோப்பில் சேர்க்கும்போது எழுத்து போய்விடக் கூடாதாம். தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் வேற்றுமை உருபு நடத்துவேன். என் பிள்ளைகளின் காதெல்லாம் அந்தப் பக்கம் இருக்கும். என் காதும்தான்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் பாரம் கொண்டுவந்தாலும், கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பார். இது என்ன கூத்து என்று ஒருநாள் கேட்டேன். "எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவரு, சார். மூணு தடவ ஆபீஸ் போயி மூணு தடவயும் தப்பான எடத்துல கைநாட்டு வச்சிட்டு வந்தாரு. இங்கதான் வைக்கணும்னு ஒருத்தனும் காட்டல" என்றார்.  பென்சில் குறியை அழிக்க மறந்துவிட்டால் அசிங்கமாக இருக்குமே என்று சொல்லி வைத்தேன்.

குடியுரிமைப் பாரங்கள் வந்த காலத்தில் பெற்றோர்களும் பள்ளி விட்ட பிறகு அந்தப் பலகை முன்னால் வரிசை பிடித்தார்கள். ஒருநாள் எட்டிப் பார்த்தால் எட்டாவது ஆளாக என் மனைவி நிற்கிறாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, "சாயா மாவ் மிந்தா போராங்", எனக்கு ஒரு பாரம் வேண்டும் என்று சொல்லிப் பழகுகிறாள். வாத்தியார் வீட்டிலேயே ஒருவன் இருக்கும்போது அங்கே ஏன் போனாய் என்று கேட்டேன். "ஒங்ககிட்ட கேட்டா திட்டுவீங்க. அவரு திட்டுனாலும் கிராணி வேஷத்துலதான் திட்டுவாரு" என்றாள். 

என் பழைய மாணவி கமலா கதையும் அப்படித்தான். நூறு செய்யுளை மூச்சுவிடாமல் சொல்லுவாள். அவளுக்கு டவுனில் ஒரு மருந்தகத்தில் பெயர் பதியும் வேலை கிடைத்தது. லட்டுப் பெட்டியோடு பள்ளிக்கு வந்தவள் நேரே ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். பிறகு என்னிடம் வந்து, "நீங்க சொல்லிக் குடுத்த பாட்டெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கு சார்" என்றாள். 'இன்னும்' என்றால் சீக்கிரம் மறந்துவிடும் என்றுதானே அர்த்தம்? லட்டை நான் தொடவில்லை.

அடுத்து நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பள்ளி நிர்வாகக் குழுவுக்கு மொட்டைக் கடிதம் எழுதினேன். எழுத்து காட்டிக்கொடுக்காதிருக்க இடது கையால் எழுதினேன். செய்யுள் படிக்க வேண்டிய நேரத்தில் பிள்ளைகளைப் பியூன் வேலைக்குப் பழக்குகிறார்கள், தமிழ் பாழாகிறது, இந்த வகுப்பை நிறுத்த வேண்டும் என்று ஒரு பக்கம். எங்கள் வட்டாரத் தபால் பெட்டியில் போடாமல் பண்டார் ஹிலிர் வரை சைக்கிள் மிதித்துப் போய்ப் போட்டேன்.

வகுப்பை நிறுத்திவிட்டார்கள். கவுண்டர் பலகை துடைப்பங்களோடு சாமான் அறைக்குப் போயிற்று.  எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு வாரம். அப்புறம் வெள்ளிக்கிழமை கடைசி வேளையில் தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாதபோது என் பாடமும் எனக்கே இனிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் புக்கிட் காதில் பக்கமிருந்து ஒரு தகப்பனார் பாரத்தோடு வந்தார். கவுண்டர் இல்லையே, நானே முன்வந்து முத்து முத்தாக நிரப்பிக் கொடுத்தேன். பத்து நாளில் மனிதர் அதே பாரத்தோடு திரும்பி வந்தார். அதிகாரி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் இவர் கைநாட்டு வைத்திருக்கிறார். நான் குறி போட்டுக் காட்டவில்லை. இரண்டு நாள் வேலை போச்சே என்று அவர் என்னிடம் கோபப்படக்கூட இல்லை. நேரே பெரியண்ணன் அவர்களிடம் போனார். அவர் புதுப் பாரம் ஒன்றில் பென்சிலால் குறி போட்டுக் கொடுத்தார். அந்தத் தகப்பனார்தான் மற்றப் பெற்றோர்களைச் சேர்த்துக்கொண்டு நிர்வாகக் குழுவிடம் போய் நின்றவர். மறு பள்ளித் தவணையில் கவுண்டர் பலகை திரும்பி வந்தது.

முதல் வெள்ளிக்கிழமை, பாடம் புகார்க் கடிதம். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் சாக்குக்கட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். இடுக்கு வழியாகப் பார்த்தால், நிர்வாகக் குழு அவரிடம் விளக்கம் கேட்டுக் கொடுத்திருந்த என் கடிதத்தையே கரும்பலகையில் ஒட்டியிருக்கிறார். அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"நல்லா பாத்துக்கங்க. தேதி இருக்கு. யாருக்குன்னு இருக்கு. விஷயத்த மொத வரியிலயே சொல்லிட்டாரு. எடது பக்கம் ரெண்டு வெரல் எடம் விட்டிருக்காரு. இப்படித்தான் எழுதணும். ஒரே ஒரு கொறதான். கடைசியில பேரு இல்ல. பேரு இல்லாத லெட்டருக்கு எந்தக் கவுண்டர்லயும் பதில் கெடைக்காது."

என்னைக் கண்டுகொண்டாரா இல்லையா என்று தெரியாமல் வருடக்கணக்காகத் தவித்தேன். இடைவேளையில் எப்போதும்போல் எனக்குக் கோப்பி ஊற்றிக் கொடுப்பார். பொங்கல் விழாவில் என் பிள்ளைகள் ஒப்பித்தால் முதலில் கை தட்டுவார். பொறாமைக்காரனுக்கு அதைவிடத் தண்டனை உண்டா? ஒருநாளாவது சண்டைக்கு வந்திருந்தால் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இறுதிச் சடங்கன்று அவர் வீட்டுக்குப் போனேன். எந்தத் துக்க வீட்டிலும் கூட்டம் முண்டியடிக்கும். அங்கே வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை. யாரும் நிற்கச் சொல்லவில்லை. பழைய மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர்கள், என் மனைவி, எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக நின்று, முறை வந்ததும் முன்னால் போய், நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, பூப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். நானும் கடைசியில் போய் நின்றேன். எனக்கு இப்படி ஒரு வரிசை நிற்காது என்று அங்கே நின்றபடியே நினைத்தேன். சாவிலும் மனிதர் என்னை விடவில்லை. அழுதேன், அதில் எவ்வளவு துக்கம், எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது அவர் துணைவியார் என்னைக் கூப்பிட்டு ஒரு உறையைக் கொடுத்தார்கள். மேலே என் பெயர் பெரியண்ணன் அவர்கள் கையெழுத்தில் இருந்தது. உள்ளே என் மொட்டைக் கடிதம்.

"இது யார் எழுதுனதுன்னு வந்த அன்னைக்கே சொல்லிட்டாரு அண்ணே" என்றார்கள் அந்த அம்மா. "ரெண்டு வெரல் எடம் விட்டிருக்கு, ஆனா எம்புள்ளைங்க எழுத்து இல்ல, அப்போ பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கறவருதான்னாரு. கோவமே இல்ல. நம்ம வகுப்புல சேராமயே எவ்வளவு நல்லா கத்துக்கிட்டாரு பாருன்னு சந்தோஷமாத்தான் சொன்னாரு."

கடிதத்தை விரித்துப் பார்த்தேன். அடியில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

இன்று காலை அந்தக் குறியின்மேல், வலது கையால், என் பெயரை எழுதிவிட்டேன். அந்தக் கடிதம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அதன் பக்கத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இடது பக்கம் இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறேன், பெரியண்ணன் சார். தேதி போட்டிருக்கிறேன். விஷயத்தைத்தான் முதல் வரியில் சொல்ல முடியவில்லை, மன்னிக்க வேண்டும். போய் வாருங்கள். அங்கேயும் ஒரு கவுண்டர் இருந்தால், நான் வரும்போது வரிசையின் கடைசிக்கே அனுப்புங்கள். நின்று வருகிறேன்.

இப்படிக்கு,
அ. தணிகாசலம்
ஆறாம் வகுப்பு ஆசிரியர்