வாலாங்குளத்து ஆமைகளும் நஞ்சம்மாளும்

வாலாங்குளத்தில் துணி துவைக்க வருகிறவர்கள் ஆமை தலையை நீட்டினால் கல்லெறிவார்கள். நஞ்சம்மாள் மட்டும் பிழியாத சேலையைக் கையில் பிடித்தபடி, சாய்ந்த வேலமரத்தின் மேல் வெயில் காய்வது எந்த ஆமை என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். மில்லில் வேலை பார்த்த அவள் கணவன் அங்கப்பனுக்கு அது வேடிக்கை. சோற்றில் கை வைக்கும்போதே, "இன்னிக்கு யாரெல்லாம் வந்தாங்க?" என்று விருந்தாளிகளைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஒருநாள், ஒரு காராமையை முந்தானையில் ஏந்தி வந்து, அதன் அடிவயிற்று ஓட்டினைப் புரட்டி அவனுக்குக் காட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் குளத்தில் விட்டாள். ஐப்பசியில் அங்கப்பன் காய்ச்சலில் போய்விட்டான்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஊர் சொல்லிற்று. கருமாதி முடிந்து சொந்தபந்தம் கலையும் முன்பே, கொட்டும் மழையில் வாசலுக்கு ஓர் ஆமை ஊர்ந்து வந்தது. அதே ஆமைதான், மிச்சத்தையும் கொண்டுபோக வந்திருக்கிறது என்றார்கள். அதை அடித்துப் போட வேண்டும். நஞ்சம்மாள் இனிக் குளத்துப் பக்கம் போவதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று.

மூலையில் கிடந்தவள் எழுந்து வந்து ஆமையைப் புரட்டினாள். பின்னங்கால்கள் உள்ளே போனதும் தோல் மடிப்புகள் கதவுபோல் மூடிக்கொண்டன.

"இது பாலாமைங்க அத்தை. நான் கொண்டாந்தது காராமை. அதுக்கு இந்த மூடி கெடையாதுங்க."

"எந்த ஆமையா இருந்தா என்ன அம்மணி?" என்றாள் மாமியார் முத்தாத்தாள். "எம்பையன் போயிட்டானே."

நஞ்சம்மாளுக்குச் சுருக்கென்றது. காராமை என்றால் மட்டும் கொன்றிருக்குமா? தான் பேசியதே தப்பு என்று பட்டது. கற்பூரத் தட்டு அவள் முன்னே நீண்டது.

"ஆமை கொல்லுமுன்னா, குளத்தங்கரையில ஒருத்தி கழுத்துலயும் தாலி இருக்காதுங்க அத்தை. உங்க மகனைக் காச்சல் கொண்டுபோச்சு. இதை அடிக்க உடமாட்டேன். சத்தியமும் பண்ணமாட்டேன்."

வெள்ளைச் சேலையோடு, அந்த ஆமையைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் நடுவீதியில் இறங்கினாள். யாரோ கதவைச் சாத்தினார்கள். குளத்தில் விட்டதும் பாலாமை சேற்றைக் கலக்கிக்கொண்டு மறைந்தது.

மறுநாள் காலையிலும் குளத்துக்குப் போனாள். எதிரே வந்த மில் ஆட்கள் சகுனம் பார்த்து ஒதுங்கினார்கள். அவள் ஒதுங்கவில்லை.